12 கானாங்கெளுத்தி, மூணு மென்பொருள், மூணு நம்பிக்கை இடைவெளி: எது சரி?

காசிமேடு_தராசு

காசிமேட்டில் காலை ஏலத்துக்கு வந்த கானாங்கெளுத்தியில் 12 மீனின் எடை, கிராமில்:

142, 155, 161, 138, 149, 170, 133, 147, 158, 145, 152, 166

சராசரி 151.3. இதற்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (மொத்த மீனின் சராசரிக்கான மதிப்பீட்டு வரம்பு) போட்டால் மூன்று இடத்தில் மூன்று விடை வருகிறது.

பைத்தானில், நம்பை என்ற எண்கணக்குத் தொகுப்பின் திட்ட விலக்கத்தை (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) எடுத்து 1.96 வைத்துக் கையால் போட்டது: 145.3 முதல் 157.4
எக்ஸலில் கான்ஃபிடன்ஸ்.நார்ம்: 145.0 முதல் 157.7
ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் டி.டெஸ்ட்: 144.2 முதல் 158.5

தரவு ஒன்றுதான், தட்டச்சுப் பிழை இல்லை. எதை அறிக்கையில் போடுவது?

(செயற்கூறுப் பெயர்களைத் தமிழெழுத்தில் தருகிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில்.)

ராயபுரம்_ஆர்

மூன்றில் ஆர் சொன்னதுதான் சரி. மற்ற இரண்டும் வெவ்வேறு இடத்தில் சறுக்கியிருக்கின்றன.

முதலில் நம்பை. அதன் எஸ்டிடி செயற்கூறு இயல்பாகவே n-ஆல் (மாதிரியின் எண்ணிக்கை, இங்கே 12) வகுக்கும், n−1-ஆல் அல்ல. உங்கள் தரவில் விலக்கங்களின் வர்க்கக் கூட்டல் 1380.67. அதை 12-ஆல் வகுத்தால் திட்ட விலக்கம் 10.73, 11-ஆல் வகுத்தால் 11.20. மாதிரியை வைத்து மொத்த மீனைப் பற்றிப் பேசும்போது 11-ஆல்தான் வகுக்க வேண்டும். அதற்கு டிடிஓஎஃப்=1 (n-இலிருந்து ஒன்றைக் கழி) என்று வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். பாண்டாஸில் (பைத்தானின் அட்டவணைத் தொகுப்பு) அதே பெயருள்ள செயற்கூறு இயல்பாகவே n−1 எடுக்கும். அதனால் டேட்டாஃபிரேமில் ஒரு விடை, அதையே நம்பை வரிசையாக மாற்றியதும் இன்னொரு விடை. நம்பையை அப்படியே நம்பினால் இப்படித்தான்.

இரண்டாவது, 1.96. அது திட்ட விலக்கம் முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்தவர்களுக்கான எண். நாம் அதையும் அதே 12 மீனிலிருந்துதான் மதிப்பிடுகிறோம். அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளத்தான் டி பரவல். கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த காசெட் 1908-ல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதியது இந்தச் சின்ன மாதிரிச் சிக்கலைப் பற்றித்தான். 11 டிகிரி ஆஃப் ஃப்ரீடமுக்கு (இங்கே n−1) எண் 2.201.

திட்டப் பிழை (சராசரியின் தடுமாற்றம்) = 11.20 ÷ √12 = 3.234
பாதி அகலம் = 2.201 × 3.234 = 7.12

எக்ஸலில் நீங்கள் திட்ட விலக்கத்தைச் சரியாக எடுத்து, 1.96-ல் மட்டும் மாட்டிக்கொண்டீர்கள். கான்ஃபிடன்ஸ்.டி போடுங்கள், 7.12 வரும். அது பாதி அகலத்தை மட்டும்தான் தரும், சராசரியோடு கூட்டிக் கழிப்பது உங்கள் வேலை.

நம்பை வழியில் போட்ட இடைவெளிக்கு 95 என்று பெயர் இருந்தாலும், 12 மீனுக்கு அது உண்மையில் 91 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும்.

கொருக்குப்பேட்டை_கோடர்

கையால் போடுவானேன்? பைத்தானோட அறிவியல் தொகுப்பு சைபையில் டி.இன்டர்வல் இருக்கே.

ஆனா அதில் மூணு குழி இருக்கு, மூணுமே பிழைச்செய்தி காட்டாது.

ஸ்கேல் என்ற இடத்தில் திட்டப் பிழை கொடுக்கணும். நிறைய பேர் திட்ட விலக்கத்தைக் கொடுத்துடுறாங்க. அப்போ இந்தத் தரவுக்கு 126.7 முதல் 176.0 வரும். பார்க்க நம்பும்படி இருக்கும், அதுதான் ஆபத்து.

லொக், அதாவது சராசரி, கொடுக்க மறந்தா இடைவெளி பூஜ்யத்தைச் சுத்தி −7.1 முதல் 7.1 வரும். இதையாவது கண்டுபிடிச்சிடலாம்.

முதல் உள்ளீடு 0.95. முன்பு இதற்கு ஆல்ஃபான்னு பேர் வச்சிருந்தாங்க, சைபை 1.9-லிருந்து கான்ஃபிடன்ஸ்னு மாத்திட்டாங்க. பழைய பேரைப் பார்த்து 0.05 கொடுத்தா ±0.2 கிராம்னு வரும்! எக்ஸலிலும் ஸ்டாட்ஸ்மாடல்ஸிலும் (பைத்தானோட புள்ளியியல் தொகுப்பு) ஆல்ஃபான்னா 0.05தான். சைபையில் மட்டும் அது தலைகீழா இருந்துச்சு.

விடுபட்ட மதிப்பு இருந்தா இன்னொரு தொல்லை. பாண்டாஸ் சராசரியும் திட்ட விலக்கமும் காலிக் கட்டத்தை ஒதுக்கிட்டுப் போடும், ஆனா லென் அதையும் சேர்த்து எண்ணும். √n பெருசாகி இடைவெளி சுருங்கிடும். லென்னுக்குப் பதில் கவுண்ட் போடுங்க.

திண்ணை_புள்ளியியல்

மேலே சொன்ன எல்லாம் சரி. ஒரு கேள்வி மட்டும் யாரும் கேட்கவில்லை. தராசு, அந்த 12 மீனும் எங்கிருந்து எடுத்தது? ஒரே கூடையா, பல கூடையா?

காசிமேடு_தராசு

மூன்று கூடை, கூடைக்கு நான்கு.
முதல் கூடை: 142, 138, 133, 145
இரண்டாவது: 155, 149, 147, 152
மூன்றாவது: 161, 170, 158, 166

திண்ணை_புள்ளியியல்

நினைத்தேன். இப்போது மேலே போட்ட மூன்று விடையுமே தப்பு. ஆர் சொன்னதும் சேர்த்து.

டி.டெஸ்ட் 12 எண்ணையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 12 தகவலாக எடுத்துக்கொள்கிறது. ஏலத்துக்கு முன்னால் மீனை அளவு வாரியாகப் பிரித்துத்தான் கூடையில் போடுகிறார்கள். ஒரு கூடையில் ஒரு மீனைப் பார்த்தால் மற்ற மூன்றும் ஏறக்குறைய தெரிந்துவிடும். உங்கள் எண்களிலேயே பாருங்கள்: முதல் கூடையின் பெரிய மீன் 145, மூன்றாவது கூடையின் சின்ன மீன் 158. கூடைகள் ஒன்றையொன்று தொடவே இல்லை.

ஆகவே கூடைதான் அலகு. கூடைச் சராசரிகளை எடுங்கள்: 139.50, 150.75, 163.75. இந்த மூன்று எண்ணுக்கு டி.டெஸ்ட்:

திட்ட விலக்கம் 12.14
திட்டப் பிழை 12.14 ÷ √3 = 7.01
2 டிகிரி ஆஃப் ஃப்ரீடமுக்கு டி எண் 4.303
பாதி அகலம் 30.15

இடைவெளி 121.2 முதல் 181.5.

±7 என்று நினைத்தது ±30. மென்பொருள்களுக்குள் ஒரு கிராம் வித்தியாசத்துக்கு நாம் அடித்துக்கொண்டிருந்தோம்.

அனோவா (மாறுபாட்டைக் கூடைக்கிடையே, கூடைக்குள் என்று பிரிக்கும் முறை) வழியாகவும் இதே கதைதான். கூடைகளுக்கு இடையிலான சராசரி வர்க்கம் 589.1, கூடைக்குள் 22.5. கூடைக்குள் ஒற்றுமைக் கெழு (589.1 − 22.5) ÷ (589.1 + 3 × 22.5) = 0.86. வடிவமைப்பு விளைவு (கூடையாக எடுத்ததால் சராசரியின் மாறுபாடு எத்தனை மடங்கு கூடுகிறது என்பது) 1 + (4 − 1) × 0.86, அதாவது 3.6. 12-ஐ 3.6-ஆல் வகுத்தால் 3.3. நீங்கள் நிறுத்தது 12 மீன், கையில் இருக்கும் தகவல் மூன்று மீன் சொச்சத்துக்குத்தான்.

கொருக்குப்பேட்டை_கோடர்

இன்னா நைனா, ஒரே அடியா 30 ஆக்கிட்டீங்க. பூட்ஸ்ட்ராப் (கையில் இருக்கிற தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுக்கிறது) போட்டா எந்த அனுமானமும் வேணாமே? சைபை பூட்ஸ்ட்ராப்பில் 9999 மறுமாதிரி, பிசிஏ (சாய்வைத் திருத்துற) முறை, ரெண்டும் இயல்பாவே இருக்கு.

திண்ணை_புள்ளியியல்

அனுமானம் வேண்டாம் என்பது விளம்பரம். 12 மீனைக் கலைத்துப் போட்டு எடுத்தால் ‘மீன்கள் சுயேச்சையானவை’ என்ற அதே அனுமானத்தைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுகிறீர்கள், விடையும் அதே ஒடுங்கிய ±7-க்குப் பக்கத்தில் வரும். எஃப்ரான் 1979-ல் தந்த பூட்ஸ்ட்ராப்பின் அடிப்படை, தரவு எப்படி எடுக்கப்பட்டதோ அப்படியே மறுபடி எடுப்பது. கூடையை எடுத்தீர்கள் என்றால் கூடையைத்தான் மறுபடி எடுக்க வேண்டும்.

மூன்று கூடையை மறுமாதிரி எடுத்தால் மொத்தம் 10 விதமான சேர்க்கைதான் உண்டு. 9999 தடவை ஓடவிட்டாலும் அந்தப் பத்தே திரும்பத் திரும்ப வரும். அதன் மேல் 2.5 சதவீத முனையைத் தேடுவது வீண்.

சுயேச்சையான சின்ன மாதிரியிலும் பர்சென்டைல் முறை (மறுமாதிரிச் சராசரிகளின் நடு 95 சதவீதத்தை அப்படியே எடுப்பது) ஒடுங்கும். உள்ளுக்குள் அது n-ஆல் வகுப்பதற்குச் சமம், டி எண்ணின் ஈடும் அதில் கிடையாது. உங்கள் நம்பைப் பிழையேதான், வேறு சட்டை போட்டு வருகிறது.

ராயபுரம்_ஆர்

ஒப்புக்கொள்கிறேன், கூடையை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

நம்ப முடியாதவர்கள் போலித் தரவில் சோதிக்கலாம். கூடைகளுக்கு இடையே திட்ட விலக்கம் 11.9, கூடைக்குள் 4.74 (அதாவது 22.5-ன் வர்க்கமூலம்) என்று வைத்து, மூன்று கூடை நான்கு மீன் வீதம் 10,000 தரவுத் தொகுதி உருவாக்குங்கள். ஒவ்வொன்றிலும் 12 எண்ணுக்கும் நேரடியாக டி.டெஸ்ட் போட்டு, உண்மைச் சராசரி உள்ளே விழுகிறதா என்று எண்ணுங்கள். 95-க்குப் பதில் 60 சதவீதத்துக்கு அக்கம்பக்கம்தான் வரும். கூடைச் சராசரி வழியில் போட்டால் 95 வரும். 10,000 ஓட்டத்தில் எண்ணும் விகிதத்துக்கே ±0.4 சதவீதம் தடுமாற்றம் உண்டு. 94.8 வந்தது என்று பதற வேண்டாம்.

95 என்பதன் பொருளும் இந்தச் சோதனைதான். ‘உண்மைச் சராசரி இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் இருக்க 95 சதவீத வாய்ப்பு’ என்று நெய்மன் 1937-ல் சொல்லவில்லை. இந்த முறையைத் திரும்பத் திரும்பக் கையாண்டால் 100-க்கு 95 தடவை பிடிக்கும் என்பதே அவர் சொன்னது. வலைக்குத்தான் 95, ஒரு இழுப்பில் வந்த மீனுக்கு அல்ல.

வியாசை_நீர்

இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன். வியாசர்பாடியில் 40 வீட்டுக் குழாய்த் தண்ணீர் மாதிரி, அதில் 2-ல் கோலிஃபார்ம் பாக்டீரியா என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாட்ஸ்மாடல்ஸ் ப்ரபோர்ஷன் செயற்கூறு கீழ் எல்லை பூஜ்யம் என்கிறது. கையால் போட்டால் −1.75 சதவீதம். இரண்டு மாதிரியில் கிருமியைக் கண்ட பிறகு பூஜ்யம் எப்படிச் சாத்தியம்?

ராயபுரம்_ஆர்

சாத்தியமில்லைதான். அதன் இயல்பு முறை நார்மல், அதாவது வால்ட் (விகிதத்தோடு திட்டப் பிழையின் 1.96 மடங்கைக் கூட்டிக் கழிப்பது). விகிதம் ஓரத்தில் இருக்கும்போது அந்தச் சூத்திரம் மைனஸுக்குப் போகும். உங்கள் மென்பொருள் அதைப் பூஜ்யத்தில் வெட்டி மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

2-க்கு 40, சதவீதத்தில்:

வால்ட்: −1.75 முதல் 11.75
வில்சன்: 1.4 முதல் 16.5
க்ளாப்பர்–பியர்சன்: 0.6 முதல் 16.9

வில்சன் 1927-லேயே கொடுத்துவிட்டார். நூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் பாடப்புத்தகமெல்லாம் வால்ட். மெத்தட் என்ற இடத்தில் வில்சன் என்று எழுதுங்கள். பீட்டா என்று எழுதினால் க்ளாப்பர்–பியர்சன் (1934). அது 95-க்குக் குறையாது என்று உத்தரவாதம் தரும், அதற்கு விலையாகக் கொஞ்சம் அகலமாக இருக்கும்.

ஆரில் பைனாம்.டெஸ்ட் க்ளாப்பர்–பியர்சன் தரும். ப்ராப்.டெஸ்ட் தருவது வில்சன், ஆனால் தொடர்ச்சித் திருத்தத்தோடு. சுத்தமான வில்சன் வேண்டுமானால் கரெக்ட்=ஃபால்ஸ்.

40-ல் ஒன்றுமே இல்லை என்றால் வால்ட் ‘0 முதல் 0’ என்று சாதிக்கும். அப்போது மேல் எல்லைக்கு மனக்கணக்கு 3 ÷ n, அதாவது 7.5 சதவீதம். பைனாம்.டெஸ்ட் 8.8 காட்டும். முரண்பாடு இல்லை, மனக்கணக்கு ஒருபக்க 95, பைனாம்.டெஸ்ட் இருபக்கத்துக்கும் 2.5 ஒதுக்குகிறது.

திண்ணை_புள்ளியியல்

நீர் அவர்களே, 40 வீடும் எத்தனை தெரு? ஒரே குழாய்த் தொடரில் அடுத்தடுத்த வீடு என்றால் மேலே மூன்றுமே கூடைக் கதைதான். ஆரில் சர்வே தொகுப்பு, எஸ்விஒய்டிசைனில் ஐடி என்ற இடத்தில் தெருவைக் கொடுங்கள், பிறகு எஸ்விஒய்சிஐப்ராப். டிகிரி ஆஃப் ஃப்ரீடம் வீட்டின் எண்ணிக்கையிலிருந்து வராது, தெருவின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு.

மணலி_மானி

காற்றுத் தரவுக்கும் இதேதானா? மணலியில் மணிக்கொரு பி.எம். 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவு, 30 நாள், 720 எண். டி.டெஸ்ட் மிகக் குறுகலான இடைவெளி தருகிறது, ஏதோ இடிக்கிறது.

திண்ணை_புள்ளியியல்

இடிக்க வேண்டியதுதான். இங்கே கூடை என்பது நேரம். காலை ஏழு மணிக் காற்றை வைத்து எட்டு மணிக் காற்றைச் சொல்லிவிடலாம். முதலில் ஏசிஎஃப் (முந்தைய மணிகளோடு உள்ள தொடர்பு) வரைபடம் போடுங்கள். பக்கத்து மணிகளுக்கிடையே தொடர்பு 0.9 என்று வந்தால், தோராயமாக 720 × (1 − 0.9) ÷ (1 + 0.9) = 38. எண்ணிக்கை 720, தகவல் 38-க்கு. இடைவெளி நான்கு மடங்குக்கு மேல் அகலமாக வேண்டும்.

வழி இரண்டு. ஒன்று, ஸ்டாட்ஸ்மாடல்ஸில் மாறிலி மட்டும் வைத்த ஓஎல்எஸ் (சாதாரணப் பின்னடைவு), கோவ்டைப் ஹெச்ஏசி (நேரத் தொடர்பையும் கணக்கில் எடுப்பது), மேக்ஸ்லாக்ஸ் (எத்தனை மணி பின்னோக்கிப் பார்ப்பது) குறைந்தது 24. ஆரில் சாண்ட்விச் தொகுப்பின் நியூவிவெஸ்ட். இரண்டு, துண்டுத் துண்டான பூட்ஸ்ட்ராப்: ஆரில் டிஎஸ்பூட், சிம் ஃபிக்ஸ்டு, துண்டின் நீளம் 24-ன் மடங்கு. அப்போதுதான் இரவு–பகல் ஏற்றஇறக்கம் துண்டுக்குள் உடையாமல் இருக்கும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. ‘இந்த மாதம் இந்த நிலையத்தில் சராசரி எவ்வளவு’ என்பதுதான் கேள்வி என்றால், எல்லா மணியும் அளந்தாகிவிட்டது. மாதிரி எடுத்த பிழையே கிடையாது, இருப்பது கருவியின் பிழை மட்டும். ‘இது மாதிரியான மாதங்களில்’ என்று நீட்டினால்தான் இடைவெளி வேண்டும். தேசியத் தரநிலையோடு ஒப்பிடுவதாக இருந்தால் 24 மணிச் சராசரிக்கு 60, ஆண்டுச் சராசரிக்கு 40 மைக்ரோகிராம். மணி எண்களை வைத்து ஆண்டு எல்லையோடு முட்டவிடாதீர்கள்.

கொருக்குப்பேட்டை_கோடர்

ஒரு கூடுதல் குறிப்பு, ரெண்டு நிலையத்தை ஒப்பிடுறவங்களுக்கு. ரெண்டு இடைவெளியும் ஒன்னோட ஒன்னு மேல விழுதா, அப்போ வித்தியாசம் இல்லைன்னு எழுதிடாதீங்க. சராசரி 50, 56, ரெண்டுக்கும் திட்டப் பிழை 2ன்னு வைங்க. 46.1–53.9, 52.1–59.9. மேல விழுது. ஆனா வித்தியாசத்தோட திட்டப் பிழை 4 இல்ல, √8 = 2.83. வித்தியாசத்துக்கு இடைவெளி 0.5 முதல் 11.5, பூஜ்யம் வெளியே. வித்தியாசத்துக்கே நேரா இடைவெளி போடுங்க.

காசிமேடு_தராசு

என் கேள்விக்கு வருகிறேன். ±30 யாருக்கும் உதவாது, ±5 வேண்டும். இன்னும் எவ்வளவு மீன் நிறுக்க வேண்டும்?

திண்ணை_புள்ளியியல்

எவ்வளவு மீன் என்று கேட்காதீர்கள், எத்தனை கூடை என்று கேளுங்கள். உங்கள் தரவிலிருந்து கூடைக்கிடையே மாறுபாடு (589.1 − 22.5) ÷ 4 = 141.65, கூடைக்குள் 22.5. k கூடை, கூடைக்கு m மீன் என்றால் சராசரியின் மாறுபாடு (141.65 + 22.5 ÷ m) ÷ k. ±5 வருவதற்கு:

கூடைக்கு 10 மீன்: 25 கூடை, 250 மீன்
கூடைக்கு 2 மீன்: 26 கூடை, 52 மீன்
கூடைக்கு 1 மீன்: 28 கூடை, 28 மீன்

250 மீனை நிறுப்பதும் 28 மீனை நிறுப்பதும் ஒரே துல்லியம். ஆனாலும் ஒன்றே ஒன்று எடுத்தால் கூடைக்குள் மாறுபாட்டை அடுத்த முறைக்கு மதிப்பிட முடியாது, அதனால் இரண்டு எடுங்கள்.

இந்த 26-ஐயும் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். மூன்று கூடையிலிருந்து வந்த திட்ட விலக்கம் 12.14-க்கே 95 சதவீத இடைவெளி 6.3 முதல் 76 வரை. முதலில் 10 கூடை பார்த்துவிட்டுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

ராயபுரம்_ஆர்

ஆரின் எல்எம்இ4 தொகுப்பில் கலப்பு மாதிரி (மிக்ஸ்டு மாடல், கூடை வித்தியாசத்தையும் சேர்த்துக் கணிப்பது) போட்டால் சமமில்லாத கூடைகளையும் சமாளிக்கும். ஆனால் மூன்று நான்கு கூடையை வைத்துக் கன்ஃபின்ட் தரும் இடைவெளியை நம்பாதீர்கள், அது டி எண்ணின் ஈட்டைச் சேர்க்காமல் ஒடுக்கிக் காட்டும். கூடைக்குச் சம எண்ணிக்கை மீன் இருந்தால் கூடைச் சராசரிக்கு டி.டெஸ்ட் போதும், அலட்டல் வேண்டாம்.

காசிமேடு_தராசு

26 கூடை, கூடைக்கு 2 என்று எடுக்கிறேன். ஏலத்தில் முதலில் வரும் 26 கூடையை எடுத்தால் போதுமா?

திண்ணை_புள்ளியியல்

போதாது. முதல் 26 கூடையும் இரண்டு விசைப்படகிலிருந்து இறங்கியிருந்தால், உங்கள் அலகு படகு, அது இரண்டுதான். படகுக்கு ஒரு கூடை எடுங்கள், ஒரே நாளில் வேண்டாம், நாலைந்து நாளாகப் பிரியுங்கள். கூடையின் மேல் வரிசையிலிருந்து எடுக்காதீர்கள், கண்ணுக்கு எடுப்பான மீனை மேலே அடுக்கியிருப்பார்கள். அடியிலும் கைவிட்டு எடுங்கள். அந்தச் சாய்வை எந்த இடைவெளியும் பிடிக்காது, இடைவெளி அளப்பது தற்செயல் தடுமாற்றத்தை மட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முன்னாலும் பின்னாலும் எடுத்ததை ஒரே பத்தியில் கொட்ட வேண்டாம். அட்டவணையில் எடையோடு தேதி, படகு எண், கூடை எண் மூன்றையும் தனிப் பத்தியாக எழுதிவிடுங்கள்.

காசிமேடு_தராசு

முதல் 12-க்குப் படகு எண் குறிக்கவில்லை.

திண்ணை_புள்ளியியல்

அப்படியானால் அந்த 12-ஐப் புதுத் தரவோடு சேர்க்காதீர்கள். கூடை எண்ணிக்கையைத் திட்டமிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.